மறைந்த பின்னும் பாடம் நடத்துகிறவர்கள்: கனடாவின் பேராசிரியர்கள் சிலர்

ஓர் ஆசிரியர் மறைந்துவிட்டால் அவரோடு போவது எது, நம்மோடு தங்குவது எது? படித்தவர்கள் நிறைந்த நம் சமூகத்தில் இந்தக் கேள்வியை நாம் அதிகம் கேட்டுக்கொள்வதில்லை. இரங்கல் கூட்டம் நடக்கும். படத்துக்கு மாலை போடுவோம். "அன்னார் இன்ன பட்டம் பெற்றவர், முப்பத்தைந்து வருஷம் சர்வீஸ் போட்டவர், பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில் நல்லபடியாக இருக்கிறார்கள்" என்று ஒருவர் பேசுவார். இரண்டு நிமிட மௌனம், பிறகு காபி. அவர் வாழ்நாள் முழுக்க எதைப் பற்றி யோசித்தார், என்ன கண்டார், அதை யாரிடம் விட்டுப் போனார் என்பது மட்டும் கூட்டத்தில் ஒருவருக்கும் தெரியாது.

இந்த விஷயத்தைக் கனடா நாட்டை வைத்துப் பேசலாம் என்று எனக்குத் தோன்றியது. காரணம் இல்லாமல் இல்லை. இன்று நம் சங்கத்துக் குடும்பங்களில் கனடா என்றாலே அட்மிஷன், ஃபீஸ், விசா, குளிர் என்றுதான் பேச்சு. டொராண்டோவிலும் மான்ட்ரியாலிலும் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். அந்தப் பல்கலைக்கழகங்களுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர்கள் யார் என்று கேட்டால், "அதெல்லாம் யாருக்கு சார் தெரியும், ராங்க்கிங் பார்த்துச் சேர்த்தோம்" என்கிறார்கள். ராங்க்கிங் ஆகாயத்திலிருந்து விழுந்ததா என்ன? சில மனிதர்கள் முப்பது நாற்பது ஆண்டுகள் ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததால் வந்தது.

அப்படிப்பட்ட சிலரைப் பற்றி, எனக்குத் தெரிந்த மட்டில், இங்கே சொல்கிறேன். ஒருவரை நினைவுகூரும்போது மூன்று விஷயங்களைத் தேடினால் போதும் என்பது என் கட்சி. அவர் கேட்ட கேள்வி என்ன? அது யார் கைக்கு மாறியது? வகுப்பறைக்கு வெளியே அவர் எதற்காக நின்றார்? பட்டங்களின் பட்டியல் இதற்கெல்லாம் அப்புறம்தான்.

பீவர் தோலில் தொடங்கிய கேள்வி

முதலில் ஹரால்ட் இன்னிஸ். 1894இல் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆட்டர்வில் என்ற சிற்றூருக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். முதல் உலகப்போரில் சேர்ந்து, 1917இல் பிரான்ஸ் போர்முனையில் காலில் குண்டுச் சில்லு பாய்ந்து திரும்பி வந்தவர். சிகாகோ பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கி, டொராண்டோ பல்கலைக்கழகத்தில் பொருளாதார ஆசிரியராகச் சேர்ந்தார்.

அவர் கேட்ட கேள்வி எளிமையானது: கனடா ஏன் ஒரு நாடாக இருக்கிறது? மேலோட்டமாகப் பார்த்தால் அது இயற்கைக்கு மாறான நாடு. பெரும்பாலான ஜனங்கள் அமெரிக்க எல்லையை ஒட்டி ஒரு நீளமான பட்டையில் வாழ்கிறார்கள். இரண்டு பக்கமும் பேச்சு, வியாபாரம், உறவு எல்லாம் கலந்து கிடக்கிறது. "இது தெற்கோடு சேர்ந்திருக்க வேண்டியது, ஏதோ அரசியலால் தனியாக நிற்கிறது" என்று சொன்னவர்கள் அன்று உண்டு.

இன்னிஸ் இதற்கு விடை தேடியது பீவர் என்ற பிராணியில். ஐரோப்பாவில் பெரிய மனிதர்கள் அணிந்த தொப்பிக்கு பீவரின் ரோமம் வேண்டியிருந்தது. அந்தப் பிராணியோ வடக்குக் காடுகளின் ஆறுகளிலும் ஏரிகளிலும் இருப்பது. ஓரிடத்தில் வேட்டையாடித் தீர்ந்ததும் வியாபாரிகள் அடுத்த ஆற்றுக்குப் போனார்கள், அதற்கடுத்த ஏரிக்குப் போனார்கள். வழி காட்டியவர்கள், படகு கட்டக் கற்றுக்கொடுத்தவர்கள், தோலைக் கொண்டுவந்து கொடுத்தவர்கள் அந்த மண்ணின் பூர்வகுடி மக்கள். இப்படிக் கிழக்கிலிருந்து மேற்காகத் தோல் வியாபாரம் போட்ட நீர்வழிதான் பின்னாளில் நாட்டின் முதுகெலும்பாயிற்று. 1930இல் வெளிவந்த 'கனடாவில் ரோம வியாபாரம்' என்ற அவருடைய நூல் இதைத்தான் நிறுவுகிறது. பூகோளத்தை மீறி அல்ல, பூகோளத்தால்தான் கனடா உண்டானது என்றார்.

இதை லைப்ரரியில் உட்கார்ந்து மட்டும் அவர் எழுதிவிடவில்லை. 1924 கோடையில் ஒரு நண்பரோடு சிறு படகில் மெக்கன்ஸி ஆற்றில் இறங்கி வடக்கே போனார். தோல் கிடங்குகளைப் பார்த்தார், வியாபாரிகளிடமும் படகோட்டிகளிடமும் பேசினார். செருப்பில் மண் ஒட்டிய ஆராய்ச்சி என்று நாம் சொல்லலாம்.

பீவருக்குப் பிறகு காட் மீன், மரம், கோதுமை என்று ஒவ்வொரு மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார். ஒரு நாடு எந்தச் சரக்கைத் தோண்டியும் வெட்டியும் வெளியே அனுப்புகிறதோ, அந்தச் சரக்கே அந்த நாட்டின் ரயிலையும் துறைமுகத்தையும் வங்கியையும் அரசாங்கத்தையும் தன் இஷ்டப்படி வளைத்துவிடும். விலையை நிர்ணயிக்கிறவன் மட்டும் வேறெங்கோ தூரத்தில் இருப்பான். இதுதான் அவர் கண்டது. அவுரியும் தேயிலையும் சணலும் கப்பலேறிய தேசத்தில் பிறந்த நமக்கு இதைப் புரிந்துகொள்ள அகராதி வேண்டாம்.

அடுத்து நடந்தது இன்னும் சுவாரசியம். மரத்தைப் பற்றிப் படிக்கப் போனவர் மரக்கூழுக்கு வந்தார். மரக்கூழிலிருந்து காகிதம், காகிதத்திலிருந்து செய்தித்தாள், அங்கிருந்து "மனிதன் செய்தியை எதில் எழுதி அனுப்புகிறான்?" என்ற பெரிய கேள்வி. கல்லும் களிமண்ணும் கனமானவை, நகர்த்துவது கஷ்டம், ஆனால் காலத்தைத் தாண்டும். பாப்பிரஸும் காகிதமும் லேசானவை, தூரத்தைத் தாண்டும், ஆனால் சீக்கிரம் போய்விடும். எதை நம்பி ஒரு சமூகம் நடக்கிறதோ அதற்கேற்றபடி அதன் அதிகாரமும் அமையும் என்றார். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டையும் நேற்றைய தினசரியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அவர் சொன்னது விளங்கும். இந்தச் சிந்தனை 1950, 1951ஆம் ஆண்டுகளில் இரண்டு நூல்களாக வந்தது. 1952 நவம்பரில், 58 வயதில், புற்றுநோயால் காலமானார். கேள்வி பாதியில் நின்றது.

அந்தக் கேள்வி யார் கைக்குப் போனது?

இரண்டு பேர் கைக்குப் போனது. ஒருவரை உலகம் அறியும், மற்றவரை அதிகம் பேர் அறியமாட்டார்கள்.

உலகம் அறிந்தவர் மார்ஷல் மக்லூகன். 1911இல் எட்மன்டனில் பிறந்து, கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம் படித்து, 1946 முதல் டொராண்டோவின் செயின்ட் மைக்கேல்ஸ் கல்லூரியில் பாடம் சொன்னவர். இலக்கிய வாத்தியாருக்கு டெலிவிஷனில் என்ன வேலை என்று பலர் கேட்டார்கள். இன்னிஸ் விட்ட இடத்தில் இவர் பிடித்துக்கொண்டார். 1962இல் அச்சு எழுத்தின் விளைவுகளைப் பற்றி எழுதிய நூலை, இன்னிஸின் எழுத்துக்கு ஓர் அடிக்குறிப்பு என்கிற மாதிரி அவரே பணிவோடு குறிப்பிட்டார். உலகமே ஒரு கிராமமாகிவிட்டது என்று இன்று ஆளுக்கு ஆள் சொல்கிறோமே, அந்தச் சொல்லைப் பரப்பியவர் இவர்தான்.

அவர் சொன்னதன் சாரம் இது: செய்தியை மட்டும் பார்க்காதே, அதைக் கொண்டுவருகிற சாதனம் உன்னை என்ன செய்கிறது என்று பார். நம் குடும்பங்களையே எடுத்துக்கொள்வோம். நான் வேலைக்காக வடக்கே வந்த புதிதில் ஊரிலிருந்து இன்லேண்ட் லெட்டர் வரும். அப்பா ஓரத்தில்கூட இடம் விடாமல் எழுதியிருப்பார். பதில் போட ஒரு வாரம் யோசிப்போம். பிறகு டிரங்க் கால். கத்திப் பேசி மூன்று நிமிஷத்தில் வைத்துவிட வேண்டும். பிறகு எஸ்.டி.டி. பூத், ராத்திரி பத்து மணிக்கு மேல் கியூ. இப்போது வாட்ஸ்அப் குரூப்பில் காலை வணக்கம் அறுபது பேருக்கு ஒரே சமயத்தில் போகிறது. சொல்கிற சேதி என்னவோ அதே "சௌக்கியமா, சாப்பிட்டாச்சா"தான். ஆனால் கடிதத்தில் இருந்த அப்பா வேறு, டிரங்க் காலில் இருந்த அப்பா வேறு, குரூப்பில் இருக்கிற சித்தப்பா வேறு! இந்த மாற்றத்தைக் கவனி என்றுதான் மக்லூகன் மன்றாடினார். 1979இல் பக்கவாதம் வந்து, பேச்சையே தொழிலாகக் கொண்ட அவருக்குப் பேச்சு போயிற்று. 1980ஆம் ஆண்டின் கடைசி நாளில் காலமானார். அவருடைய கையெழுத்துக் குறிப்புகளும் நூல்களும் பாதுகாக்கப்பட்டு, 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன.

இரண்டாமவர் இன்னிஸின் மனைவி மேரி குவெயில் இன்னிஸ். அவரும் பொருளாதார வரலாறு எழுதியவர், கதாசிரியை. கணவர் தம் சொந்தப் பிரதியின் ஓரங்களில் கிறுக்கி வைத்திருந்த குறிப்புகளையெல்லாம் சேர்த்து, 1950இல் வந்த நூலைத் திருத்திய பதிப்பாக ஆக்கினார். அது 1972இல் வெளிவந்தது. அதற்கு முன்னுரை எழுதியவர் மக்லூகன். மேரி அம்மையார் அதே ஆண்டு ஜனவரியில் மறைந்தார். ஓரக்குறிப்புகளைக் கழித்துக் கட்டாமல் இருபது வருஷம் காத்தாரே, அதனால்தான் அந்த நூல் இன்று முழுமையாக நம் கைக்குக் கிடைக்கிறது. இந்த ஒரு செய்தியை மட்டும் வாசகர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

கண்ணாடிக்குள் ஒரு கணிதம்

அடுத்தவர் எச்.எஸ்.எம். காக்ஸீட்டர். 1907இல் லண்டனில் பிறந்து, 1936இல் டொராண்டோவுக்கு வந்து, 2003 மார்ச் 31 அன்று தம் 96ஆம் வயதில் மறையும்வரை அங்கேயே இருந்தவர். அவர் பாடம் ஜியோமிதி.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஜியோமிதிக்குக் கஷ்ட காலம். பிரான்ஸில் பூர்பாக்கி என்ற புனைபெயரில் எழுதிய கணிதக் குழுவும், அவர்கள் வழி வந்தவர்களும், படம் போட்டுக் கணிதம் செய்வது குழந்தை விளையாட்டு, எல்லாவற்றையும் குறியீடுகளால் செய்ய வேண்டும் என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். பள்ளிப் பாடத்திலும் ஜியோமிதி சுருங்கியது. காக்ஸீட்டர் சண்டைக்குப் போகவில்லை. தம் பாட்டுக்குப் படம் வரைந்தார், அட்டையில் உருவங்கள் செய்தார், கண்ணாடிகளை வைத்துப் பார்த்தார், நூல்கள் எழுதினார். 1948இல் வந்த 'ரெகுலர் பாலிடோப்ஸ்' இன்றும் படிக்கப்படுகிறது.

அவர் கேள்வியைப் புரிந்துகொள்ளத் திருவிழாவில் குழந்தைக்கு வாங்கித் தருவோமே, அந்தக் கலைடாஸ்கோப் போதும். இரண்டு கண்ணாடிகளை 60 டிகிரியில் நிறுத்தி நடுவே ஒரு வளையல் துண்டைப் போட்டால், பிம்பத்தோடு சேர்த்து ஆறு துண்டு தெரியும். 45 டிகிரி என்றால் எட்டு. கோணம் சரியாக இல்லாவிட்டால் பிம்பங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். அப்படியானால் எந்தெந்தக் கோணங்களில் எத்தனை கண்ணாடிகளை நிறுத்தினால் ஒழுங்கான வடிவம் கிடைக்கும்? மூன்று பரிமாணத்தில் எப்படி? கண்ணுக்கே தெரியாத நான்கு, ஐந்து, எட்டுப் பரிமாணங்களில் எப்படி? இதற்கு அவர் ஒரு முழுமையான கணக்கையே எழுதினார். அந்தக் கண்ணாடிக் கணக்கை இன்று 'காக்ஸீட்டர் குரூப்' என்றே கணித உலகம் அழைக்கிறது. அவர் கோலத்தைப் படித்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மார்கழி விடியலில் புள்ளி வைத்து, ஒரு பக்கம் போட்டதை மறுபக்கம் திருப்பிப் போடுகிற நம் வீட்டுப் பெண்களுக்கு, இவர் ஏன் அறுபது ஆண்டுகளுக்கு மேல் இதிலேயே கிறங்கிக் கிடந்தார் என்று விளக்க வேண்டியதில்லை.

கைமாற்றம் இங்கே வேறு மாதிரி. டச்சு ஓவியர் எஷர் 1954இல் ஆம்ஸ்டர்டாமில் இவருக்கு அறிமுகமானார். பின்னர் காக்ஸீட்டர் அனுப்பிய ஒரு கட்டுரையில் வட்டத்துக்குள் ஓரம் போகப் போகச் சிறுத்துக்கொண்டே போகும் ஒரு படம் இருந்தது. கட்டுரையின் கணிதம் எஷருக்குத் துளியும் புரியவில்லை, படம் புரிந்தது. அதிலிருந்து பிறந்தவைதான் அவருடைய புகழ்பெற்ற 'வட்ட எல்லை' ஓவியங்கள். ஓர் ஆசிரியரின் மாணவன் அவர் வகுப்பில்தான் உட்கார வேண்டும் என்று சட்டமா? 2002இல் புடாபெஸ்டில் நடந்த மாநாட்டில், 95 வயதில், காக்ஸீட்டர் உரையாற்றினார். அந்த உரையைக் கட்டுரையாகத் திருத்தி முடித்துவிட்டுத்தான் கண்ணை மூடினார்.

பால்பல் சேகரித்த விஞ்ஞானி

இந்தக் கட்டுரையில் எனக்கு நெருக்கமானவர் யார் என்று கேட்டால், தயங்காமல் உர்சுலா ஃப்ராங்க்ளின் என்பேன். 1921இல் ம்யூனிக்கில் பிறந்தவர். தாயார் யூதர் என்பதால் நாஜிகள் காலத்தில் பெற்றோர் வதை முகாமுக்கும், இவர் கட்டாய உழைப்பு முகாமுக்கும் அனுப்பப்பட்டார்கள். மூவரும் உயிரோடு தப்பி மீண்டும் சேர்ந்தது அதிசயம். பெர்லினில் இயற்பியலில் டாக்டர் பட்டம் பெற்று 1949இல் கனடா வந்தார். 1967இல் டொராண்டோ பல்கலைக்கழக உலோகவியல் துறையில் பேராசிரியரானார். 1984இல் அப்பல்கலைக்கழகத்தின் மிக உயர்ந்த 'யுனிவர்சிட்டி ப்ரொஃபஸர்' பட்டம் பெற்ற முதல் பெண்மணி அவரே.

1960களின் தொடக்கத்தில் வல்லரசுகள் திறந்த வெளியில் அணுகுண்டு வெடித்துச் சோதித்துக்கொண்டிருந்தன. அதில் உண்டாகும் ஸ்ட்ரான்ஷியம்-90 காற்றோடு பரவி மழையோடு புல்லில் இறங்கும். புல்லை மாடு தின்னும், பாலைக் குழந்தை குடிக்கும். உடம்புக்கு அதற்கும் கால்சியத்துக்கும் வித்தியாசம் தெரியாது. எலும்பிலும் பல்லிலும் கொண்டுபோய் வைத்துவிடும். 'வாய்ஸ் ஆஃப் விமன்' என்ற பெண்கள் அமைப்போடு சேர்ந்து ஃப்ராங்க்ளின் நாடெங்கும் குழந்தைகளின் விழுந்த பால்பற்களைச் சேகரித்துப் பரிசோதிக்க உதவினார். நாம் கூரைமேல் எறிகிற பல்லை அவர்கள் உறையில் போட்டு அனுப்பினார்கள். அமெரிக்காவிலும் இப்படி ஒரு சேகரிப்பு நடந்தது. 1963இல் அமெரிக்காவும் சோவியத் யூனியனும் பிரிட்டனும் திறந்தவெளிச் சோதனைகளை நிறுத்த ஒப்பந்தம் செய்துகொண்டன. அதற்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றில் ஒன்று தாய்மார்கள் கையில் இருந்த இந்த அத்தாட்சி.

அவருடைய ஆராய்ச்சிக் கேள்வி வேறு ஒன்று. பழங்காலச் சீன வெண்கலப் பாத்திரங்களை உலோகவியல் கண்ணால் ஆராய்ந்தவர், ஒரு விஷயத்தைக் கவனித்தார். அந்தப் பிரம்மாண்டமான பாத்திரங்களை ஓர் ஆள் செய்திருக்க முடியாது. மாதிரி செய்கிறவன் ஒருவன், அச்சைத் துண்டு துண்டாக எடுக்கிறவன் ஒருவன், உலோகம் உருக்குகிறவன் ஒருவன், ஊற்றுகிறவன் ஒருவன். ஒவ்வொருவனும் தன் படியை மட்டும், சொன்னது சொன்னபடி செய்தாக வேண்டும். இதிலிருந்து தொழில்நுட்பத்தை இரண்டாகப் பிரித்தார். ஆரம்பம் முதல் முடிவு வரை கைவினைஞனே தீர்மானிக்கிற வகை ஒன்று. வேலையைப் படிகளாக வெட்டி ஆளுக்கொரு படி கொடுத்து, தீர்மானத்தை மேலே வைத்துக்கொள்கிற வகை மற்றொன்று. இரண்டாவது வகை பொருளை மட்டும் உற்பத்தி செய்வதில்லை, கீழ்ப்படிகிற மனிதர்களையும் உற்பத்தி செய்கிறது என்பது அவர் எச்சரிக்கை.

நமக்குத் தெரிந்த உதாரணம் சொல்கிறேன். சுவாமிமலை ஸ்தபதி மெழுகில் உருவம் பிடிக்கும்போது, மூக்கை இன்னும் கொஞ்சம் எடுக்கலாமா என்று அவர் கை தீர்மானிக்கும். நம் வீட்டுப் பிள்ளை கால் சென்டரில் ராத்திரி உட்கார்ந்து, ஸ்கிரீனில் வருகிற வாக்கியத்தை அப்படியே படிக்கிறானே, அங்கே தீர்மானம் யாருடையது? 1989இல் கனடா வானொலியின் மாஸி சொற்பொழிவுகளில் ஃப்ராங்க்ளின் இதைப் பொதுமக்களுக்கு விளக்கினார். அது நூலாகவும் வந்தது. செயற்கை நுண்ணறிவு வந்து எல்லோர் வேலையையும் படிகளாக வெட்டிக்கொண்டிருக்கிற இந்த நாட்களில், அது அன்றைக்கு எழுதியது போலவே இல்லை.

எண்பது வயதில் அவர் செய்த காரியத்தையும் சொல்லியாக வேண்டும். தாமும் ஓய்வுபெற்ற வேறு மூன்று பேராசிரியைகளும் சேர்ந்து, தாங்கள் பணியாற்றிய பல்கலைக்கழகத்தின் மீதே கூட்டு வழக்குத் தொடுத்தார்கள். பெண் ஆசிரியர்களுக்குப் பல்லாண்டுகள் ஆண்களைவிடக் குறைந்த சம்பளம், அதனால் பென்ஷனும் குறைவு என்பது புகார். 2002இல் சமரசம் ஏற்பட்டது. ஓய்வுபெற்ற பேராசிரியைகள் சுமார் 60 பேருக்குப் பென்ஷன் உயர்ந்தது. சம்பளத்தில் பாகுபாடு இருந்ததைப் பல்கலைக்கழகமும் ஒப்புக்கொண்டது. "வயசான காலத்தில் எதற்கும்மா வம்பு" என்று நம் பக்கத்தில் சொல்லியிருப்பார்கள். கௌரவம் அத்தனையும் கிடைத்தவர் அவர், சும்மா இருந்திருக்கலாம். கிடைக்காதவர்களுக்காக நின்றார். 2016 ஜூலையில் தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

இன்னொருவர் நம்பிக்கையை எழுதுவது எப்படி?

வில்ஃப்ரட் கான்ட்வெல் ஸ்மித் என்பவரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1916இல் டொராண்டோவில் பிறந்தவர். தேசப் பிரிவினைக்கு முன், 1940களின் முதல் பாதியில், லாகூரில் ஒரு கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். கூட வேலை பார்த்தவர்கள் ஹிந்துக்கள், முஸ்லிம்கள், சீக்கியர்கள். பின்னர் மான்ட்ரியாலின் மகில் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமிய ஆய்வு நிலையத்தைத் தோற்றுவித்தபோது ஒரு நிபந்தனை வைத்தார்: ஆசிரியர்களிலும் மாணவர்களிலும் பாதிப்பேர் முஸ்லிம்களாக இருக்க வேண்டும். ஒரு மதத்தைப் பற்றி வெளியார் எழுதுவதை, அந்த மதத்தவர் படித்துவிட்டு "ஆமாம், இது நாங்கள்தான்" என்று அடையாளம் காண முடியாவிட்டால் அந்த எழுத்து சரியில்லை என்பது அவர் கொள்கை. 2000இல் காலமானார். பல மொழி, பல மதத்தவர் நடுவில் அன்றாடம் வாழும் நமக்கு இந்த உரைகல் மதத்துக்கு மட்டும் அல்ல, மனிதர்களுக்கும் பொருந்தும்.

நம்மவர் இருவர்

கனடாவின் மறைந்த அறிஞர்கள் வரிசையில் தமிழர்களும் உண்டு. இருவரை மட்டும் குறிப்பிடுகிறேன். இருவரும் இலங்கையில் பிறந்தவர்கள்.

ஏ. ஜெயரத்தினம் வில்சன் (1928–2000) அரசியல் விஞ்ஞானப் பேராசிரியர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அத்துறையை வளர்த்து, 1972இல் கனடாவின் நியூ பிரன்ஸ்விக் பல்கலைக்கழகத்துக்குப் போனார். தந்தை செல்வா என்று ஈழத்தமிழர் போற்றும் எஸ்.ஜே.வி. செல்வநாயகத்தின் மருமகன். ஜனாதிபதி ஜெயவர்த்தனாவுக்கும் தமிழ்த் தலைவர்களுக்கும் நடுவே சமரசம் பேச முயன்று, 1983க்குப் பிறகு கைவிட்டார். அந்தத் தோல்வி எப்படி நேர்ந்தது என்பதை 1988இல் நூலாக எழுதினார். சொந்த ஜனங்களின் துயரத்தைப் பேராசிரியரின் நிதானத்தோடு எழுதுவது லேசான காரியமா!

மற்றவர் செல்வா கனகநாயகம் (1952–2014). 'தமிழ் இலக்கிய வரலாறு' எழுதிய பேராசிரியர் வி. செல்வநாயகத்தின் புதல்வர். டொராண்டோ பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியர். பாகிஸ்தானில் பிறந்து ஆங்கிலத்தில் எழுதிய சுல்ஃபிகர் கோஸ் பற்றியும், இந்திய ஆங்கில நாவல்கள் பற்றியும் ஆராய்ந்தவர். அதோடு நின்றிருந்தால் சக ஆங்கிலப் பேராசிரியர்களுக்கு மட்டும் தெரிந்திருப்பார். ஈழத்துத் தமிழ்க் கவிதைகளையும் கதைகளையும் ஆங்கிலத்தில் தொகுத்து 2001இல் வெளியிட்டார், சேரனின் கவிதைகளை மொழிபெயர்த்தார். 2006இல் டொராண்டோவில் தொடங்கிய தமிழியல் மாநாட்டை அமைத்தவர்களில் ஒருவர். கனடா ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றுக் கௌரவித்த அதே 2014 நவம்பரில், 62 வயதில், திடீரென்று காலமானார். அவர் தொகுத்த ஈழத்து இலக்கியத் தொகுப்பு ஒன்று அவர் மறைவுக்குப் பிறகே அச்சாகியது. அங்கே பிறந்து வளர்ந்து, தமிழ் பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத பிள்ளைகள் தாத்தா பாட்டி மண்ணின் கவிதையை முதன்முதலாகப் படிக்க இத்தகைய தொகுப்புகள்தான் வழி. தகப்பனார் வரலாறு எழுதினார், பிள்ளை அந்த இலக்கியத்துக்குக் கடல் தாண்ட ஓடம் கட்டினார்.

நம் வீட்டு அலமாரி

இவ்வளவும் எதற்குச் சொன்னேன்? நான் இருக்கிற இந்தத் தொழில் நகரத்தில், சில வருஷங்களுக்கு முன் நம் சங்கத்து மூத்த உறுப்பினர் ஒருவர் மறைந்தார். இங்குள்ள ஒரு கல்லூரியில் முப்பது ஆண்டுகள் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவர். சுற்றுவட்டாரக் காடுகளில் ஆதிவாசி மக்கள் எந்தச் செடியை எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஊர் ஊராகப் போய் எழுதி வைத்திருந்தார். பதினெட்டு நோட்டுப் புத்தகம். ஒரு பக்கம் ஹிந்தியில் ஊர்ப்பெயர், மறுபக்கம் தமிழில் குறிப்பு. பத்தாம் நாள் காரியம் முடிந்ததும் வீட்டைக் காலி செய்யும் அவசரம். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வந்தவர்கள், திரும்ப டிக்கெட் போட்டாகிவிட்டது. நோட்டுகள் பழைய ஃபைல்களோடு கபாடிவாலாவிடம் எடைக்குப் போய்விட்டன. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்பா என்ன எழுதினார் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

ஆட்டர்வில் விவசாயியின் மகன் கிறுக்கிய ஓரக்குறிப்பு நூலாகியது. நம் பெரியவரின் பதினெட்டு நோட்டும் கிலோக் கணக்கில் போயின. அவர் அறிவில் குறைந்தவர் என்பதாலா? இல்லை. அங்கே ஒரு மேரி இன்னிஸ் இருந்தார், வாங்கி வைக்க ஒரு காப்பகம் இருந்தது.

காப்பகம் கட்ட நம் சங்கத்திடம் பணம் இல்லைதான். ஆனாலும் சில காரியங்களுக்குப் பணம் வேண்டாம். நம்மிடையே இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களிடம், அவர்கள் நன்றாக இருக்கும்போதே, பிள்ளைகள் போய் உட்கார்ந்து "மாமா, நீங்க எதைப் பத்தி ஆராய்ச்சி பண்ணினீங்க? ஏன் அதை எடுத்தீங்க?" என்று கேட்கட்டும். பதிலை மொபைலில் பதிவு செய்யட்டும். நோட்டுகளையும் கடிதங்களையும் தூக்கிப் போடுமுன் ஒரு தடவை படம் பிடித்து வைப்போம், அல்லது அவர் பணியாற்றிய கல்லூரி லைப்ரரிக்குத் தரமுடியுமா என்று விசாரிப்போம். இனி இந்த மலரில் வரும் அஞ்சலிக் குறிப்புகளில் பட்டம், பதவி, பிள்ளைகள் இருக்கும் ஊர் இவற்றோடு, அவர் கேட்ட கேள்வி என்ன, அதை யார் தொடர்கிறார்கள், எதற்காக அவர் நின்றார் என்று மூன்று வரி கூடச் சேர்ப்போம். அதைப் படித்தால் அவரே "ஆமாம், இது நான்தான்" என்று சொல்லும்படி இருக்க வேண்டும்.

வெளி மாநிலத்தில் இருக்கும் நமக்கு இது கூடுதல் அவசியம். ஊரில் இருந்தால் தெருவே நினைவு வைத்துக்கொள்ளும். இங்கே நாம் வீடு மாறினால் பக்கத்து வீட்டுக்காரருக்கே பெயர் மறந்துபோகும். அலமாரியில் இருப்பதைத் திறந்து பாருங்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமையே பாருங்கள்.